தெர்மாகோலுக்குள்ள ஒரு றெக்கை: சூடான கம்பியால கிளைடர் இறக்கை வெட்டுறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சில இடங்களைச் சுருக்கி, வரிசைப்படுத்தியிருக்கிறோம்.)

தெர்மாகோல்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஒரே ஞாபகம்தான் வரும். 2017 ஏப்ரல், வைகை அணை. தண்ணி ஆவியாகிப் போகாம இருக்கணும்னு அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டாரு. கொஞ்ச நேரத்துலயே காத்து அதையெல்லாம் கரைக்குத் தள்ளிடுச்சு. மீம் போட்டோம், சிரிச்சோம், மறந்துட்டோம்.

ஆனா அந்த வீடியோவுல ஒரு நல்ல பொறியியல் பாடம் இருக்கு. தெர்மாகோல் அவ்வளவு லேசு. அதோட கன அளவுல சுமார் 98 சதவீதம் வெறும் காத்து. அணையில அதுதான் பிரச்சினையாச்சு. இன்னைக்கு நாம பேசப்போற விஷயத்துல அதுதான் மூலதனம்.

இன்னைக்கு தலைப்பு: வீட்டுலயே செய்யற மாடல் கிளைடருக்கு, தெர்மாகோல் கட்டியில இருந்து இறக்கையை எப்படி வெட்டி எடுக்கறது? இன்ஜின் இல்லாத ரேடியோ கன்ட்ரோல் விமானத்தைத்தான் இங்க கிளைடர்னு சொல்றேன். தேவையானது ஒரு சூடான கம்பி, ரெண்டு அச்சு, ரெண்டு ஆளு. கேக்க சுலபமா இருக்கும். எங்க சொதப்பும், ஏன் சொதப்பும்ங்கறதுதான் இந்த எபிசோட்.

கிளைடருக்கு ஏத்த வானம்

முதல்ல இடத்தைப் பத்தி. மதுரையில இருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனா அருப்புக்கோட்டை. தறிச் சத்தமும் நூல் மில்லும் இருக்கிற ஊர். அங்க இருந்து கிழக்கே கொஞ்ச தூரத்துல, குண்டாத்தங்கரையில, ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி. சுத்தி கரிசல் காடு, கண்மாய், சீமைக்கருவேலம். மழை கம்மி. வெயிலுக்கு மட்டும் குறைச்சலே இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி கமுதியில 2016ல 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததுக்கு அந்த வெயிலும் ஒரு காரணம்.

அதே வெயில் கிளைடரையும் தூக்கும். நல்லா ஈரமா இருக்கிற நெல்வயல்ல வெயில் அடிச்சா, அந்தச் சக்தியில பெரும்பங்கு தண்ணியை ஆவியாக்கவே செலவாயிடும். காஞ்ச கரிசல்ல ஆவியாக்க தண்ணி இல்ல. அதனால மண்ணு சூடாகும், மண்ணை ஒட்டின காத்தும் சூடாகும். சூடான காத்து குமிழ் மாதிரி பிரிஞ்சு மேல ஏறும். இதுக்குப் பேர்தான் தெர்மல். பகல் பதினோரு மணிக்கு மேல பருந்து றெக்கையை அடிக்காம வட்டம் போட்டுட்டே உசரத்துக்குப் போகுதுல்ல? அது தெர்மல்லதான் ஏறிட்டு இருக்கு. வெறும் கரம்பையில சுழல்காத்து தூசியைத் தூக்கிட்டு ஓடறதும் இதே கதையோட இன்னொரு முகம்.

காலமும் முக்கியம். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர்ல, ஆடியில தெர்மாகோல் விமானத்தை விடக் கூடாது. அறுப்பு முடிஞ்சு காடு வெறுமையா கிடக்கிற மாசி, பங்குனிதான் சரியான நேரம். இறங்கறதுக்கும் இடம் கிடைக்கும். கருவேல முள்ளுல இறங்கின தெர்மாகோல் இறக்கை எப்படி வெளிய வரும்னு நான் சொல்லத் தேவையில்ல.

இறக்கைதான் இன்ஜின்

கிளைடருக்கு இன்ஜின் இல்ல. நீளமான ரப்பர் டியூப்பும் நூலும் கட்டி, காத்தாடி ஏத்தற மாதிரி மேல இழுத்து விடுவாங்க. அதுக்கப்புறம் அது எவ்வளவு நேரம் மேல நிக்கும்ங்கறதை இறக்கைதான் முடிவு பண்ணுது.

சின்ன கணக்கு ஒண்ணு போடுவோம். ரெண்டு மீட்டர் இறக்கை உள்ள ஒரு மாடல் நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல போகுது. மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர். நல்ல இறக்கை, 15 மீட்டர் முன்னாடி போக 1 மீட்டர் கீழ இறங்குதுன்னு வெச்சுக்குவோம். அப்ப நொடிக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல இறங்கும். 60 மீட்டர் உசரத்துல விட்டா, அசையாத காத்துல கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் தாங்கும். அதே அளவுல, மோசமா வெட்டின இறக்கை 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குதுன்னா? ஒண்ணேகால் நிமிஷத்துல தரைக்கு வந்துடும்.

நாற்பது செகண்டுதானே வித்தியாசம்னு தோணும். அந்த நாற்பது செகண்டுலதான் நீங்க தெர்மலைத் தேடணும். அதோட, நொடிக்கு 0.7 மீட்டர் ஏறுற லேசான தெர்மல் கிடைச்சா முதல் கிளைடர் மெதுவா மேல ஏறும், ரெண்டாவது கீழதான் வரும். ஒரே வானம், ஒரே எடை. வித்தியாசம் இறக்கையோட வடிவத்துல மட்டும்தான்.

இறக்கையை வெட்டினா தெரியற குறுக்கு வடிவத்துக்கு ஏர்ஃபாயில்னு பேரு. பெரிய விமானத்துக்கு நல்லா வேலை செய்யற ஏர்ஃபாயில் சின்ன கிளைடருக்கு சரிவராது. காரணம் ரெனால்ட்ஸ் எண். வேகம், இறக்கையோட முன்பின் அகலம், காத்தோட பிசுபிசுப்பு இதையெல்லாம் சேர்த்துச் சொல்ற எண் அது. பயணிகள் விமானத்துக்கு அது கோடிகள்ல இருக்கும். நம்ம மாடலுக்கு, 20 சென்டிமீட்டர் அகலம், நொடிக்கு 8 மீட்டர் வேகம்னா, சுமார் 1 லட்சம்தான். இந்த அளவுல காத்து இறக்கையோட மேல்பரப்பை விட்டு சீக்கிரமே பிரிஞ்சு போகப் பாக்கும். அதனால வடிவத்துல சின்ன பிசகு வந்தாலும் தண்டனை பெருசு.

1980களோட கடைசியில அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல மைக்கேல் செலிக், ஜான் டோனவன், டேவிட் ஃப்ரேசர் மூணு பேரும் இந்த மாதிரி குறைஞ்ச வேகத்துக்கான ஏர்ஃபாயில்களை காற்றுச் சுரங்கத்துல வரிசையா சோதிச்சாங்க. எஸ்.டி. 7037ங்கற பிரபலமான கிளைடர் ஏர்ஃபாயில் அந்த வேலையில வந்ததுதான். அதோட தடிமன் அகலத்துல 9.2 சதவீதம். அதாவது 200 மில்லிமீட்டர் அகலமான இறக்கைக்கு அதிகபட்சத் தடிமன் 18 மில்லிமீட்டர் சொச்சம். இந்த 18ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

எந்த ஃபோம்?

கடையில தெர்மாகோல்னு கேட்டா கிடைக்கிறது இ.பி.எஸ். சின்னச் சின்ன மணி சேர்ந்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் 1 மீட்டருக்கு அரை மீட்டர் அட்டையா வரும். ரெண்டு மீட்டர் கிளைடரோட ஒரு பக்க இறக்கை சரியா ஒரு மீட்டர்ங்கறதால நமக்கு வசதிதான். 50 மில்லிமீட்டர் கனத்துல வாங்குங்க. கல்யாண மேடை அலங்காரத்துக்கு எழுத்து வெட்டறவங்ககிட்ட கேட்டா எங்க நல்ல அட்டை கிடைக்கும்னு சொல்லிடுவாங்க. அவங்களும் சூடான கம்பியிலதான் வெட்டறாங்க.

அடுத்தது எக்ஸ்.பி.எஸ். மணி தெரியாது, ஒரே சீரா, நீலமோ பச்சையோ ரோஸோ கலர்ல இருக்கும். கட்டடத்துல வெப்பத்தைத் தடுக்கப் போடறது. கெட்டியானது, வெட்டினா பரப்பு அழகா வரும், ஆனா எடை கூட. நாம சொன்ன இறக்கைக்குக் கணக்குப் போட்டா, கன மீட்டருக்கு 16 கிலோ அடர்த்தியுள்ள இ.பி.எஸ்.ல உள்கட்டு மட்டும் சுமார் 75 கிராம் வரும். 32 கிலோ அடர்த்தியுள்ள எக்ஸ்.பி.எஸ்.ல அது 150 கிராம். மூணாவதா இ.பி.பி. அது பந்து மாதிரி எகிறும், மோதினாலும் உடையாது. முதல் கிளைடருக்கு சாதாரண தெர்மாகோலே போதும்.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. பாலியூரிதேன் ஃபோமை சூடான கம்பியில வெட்டவே கூடாது. ஃப்ரிட்ஜ் சுவருக்குள்ள இருக்குமே, மஞ்சளா, நகத்தால சுரண்டினா மாவா உதிருமே, அது. சூடு பட்டா ஹைட்ரஜன் சயனைடு உட்பட விஷ வாயுக்கள் வரும். மெத்தையில இருக்கிற ஸ்பாஞ்சும் இதே குடும்பம்தான். என்ன ஃபோம்னு உறுதியா தெரியலைன்னா கம்பி பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. தெர்மாகோலா இருந்தாலும் திறந்த இடத்துல, காத்து நம்ம முதுகுல இருந்து அடிக்கிற மாதிரி நின்னு வெட்டுங்க.

கம்பி வெட்டறதில்ல, உருக்குது

பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும். கம்பி 200 டிகிரிக்கும் மேல இருக்கும். அதனால கம்பி கிட்ட வரும்போதே ஃபோம் உருகி ஒதுங்குது. கம்பிக்கு முன்னாடி எப்பவும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். கத்தி கேக்குக்குள்ள போற மாதிரி நினைச்சா தப்பு. சூடான கரண்டி வெண்ணெய்க்குள்ள இறங்கற மாதிரி நினைங்க. அழுத்தவே வேண்டாம், தானா வழி விடும்.

இதுல இருந்து ஒரு விஷயம் புரியுது. எவ்வளவு ஃபோம் போகும்ங்கறது கம்பியோட கனத்தை மட்டும் பொறுத்ததில்ல. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், இந்த ரெண்டும் சேர்ந்துதான் அதை முடிவு பண்ணும். 0.4 மில்லிமீட்டர் கம்பி 1 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடம் போடலாம். அதே கம்பி ஒரே இடத்துல நின்னா குழியே பறிச்சிடும்.

அப்ப வேகமா இழுத்தா நல்லதுதானே? அங்கதான் சிக்கல். கம்பியை ரெண்டு முனையில பிடிச்சு இழுக்கறோம். உருகறதை விட வேகமா இழுத்தா, நடுக்கம்பி ஃபோம்ல மாட்டிக்கிட்டு பின்தங்கும். கம்பி வில்லா வளையும். முன்விளிம்பு மாதிரி வளைவான இடத்துல, ரெண்டு முனையும் அச்சைச் சுத்தித் திரும்பிடும், நடு மட்டும் இன்னும் பழைய இடத்துலயே இருக்கும். விளைவு, ஓரத்துல சரியான வடிவம், நடுவுல வேற வடிவம். மெதுவா போனா அதிகம் உருகும், வேகமா போனா நடு பின்தங்கும். இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற குறுகலான பாதையில போகக் கத்துக்கிறதுதான் மொத்த வித்தையே.

சரியான சூட்டுக்கு அடையாளம் உண்டு. கம்பி வெளிய வரும்போது சிலந்தி நூல் மாதிரி மெல்லிய முடி முடியா ஃபோம் இழுபட்டு வரும். புகை வந்தா சூடு அதிகம். ரெண்டுமே இல்லாம, கையில கரகரன்னு தடை தெரிஞ்சா சூடு பத்தலை. நொடிக்கு 3 மில்லிமீட்டர் போல போனா, 200 மில்லிமீட்டர் அகலத்தைக் கடக்க ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

வில்லும் கரண்ட்டும்

கம்பிக்கு நைக்ரோம்தான் நல்லது. நிக்கலும் குரோமியமும் கலந்தது, சூட்டுல சீக்கிரம் துருப்பிடிக்காது. பழைய ஹீட்டர் சுருளை நீட்டிப் பயன்படுத்த ஆசை வரும். அதுல மடிப்பு மடிப்பா இருக்கும், அந்த மடிப்பு அப்படியே இறக்கையில கோடு போடும். புதுக் கம்பி வாங்கறதே மேல். அது கிடைக்கலைன்னா கிடாரோட மெல்லிய இரும்புத் தந்தியும் வேலை செய்யும்.

எவ்வளவு வோல்ட் வேணும்? பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதி போதும். 0.4 மில்லிமீட்டர் நைக்ரோம் ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 8.8 ஓம். ஒரு மீட்டர் இறக்கைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு 1.2 மீட்டர் கம்பி வேணும், அப்ப 10.5 ஓம். 12 வோல்ட் கொடுத்தா 1.1 ஆம்பியர்தான் ஓடும், கம்பி வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான். 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர்ல 1.8 ஆம்பியர். 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.ல 2.3 ஆம்பியர். இந்தக் கம்பிக்கு 2 ஆம்பியர் பக்கத்துல இருந்தா நல்லா வெட்டும். 24 வோல்ட் சப்ளையும், டி.சி. மோட்டாருக்கு விக்கிற சின்ன வேகக் கட்டுப்பாட்டு போர்டும் சேர்த்தா சூட்டைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்.

ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி எதையாவது வெச்சு வீட்டு 230 வோல்ட்டை நேரா கம்பிக்குக் கொடுக்கற வீடியோக்கள் இருக்கு. அதைச் செய்யவே செய்யாதீங்க. ரெண்டு கையாலயும் பிடிக்கிற, உறை இல்லாத கம்பி அது.

அடுத்தது வில். சூடானா கம்பி நீளும். 300 டிகிரி சூடு ஏறினா 1.2 மீட்டர் கம்பி 5 மில்லிமீட்டர் நீளும். அஞ்சு மில்லிமீட்டர்தானேன்னு விட்டுடாதீங்க. ரெண்டு முனையும் அசையாம கட்டியிருந்தா, அந்த 5 மில்லிமீட்டர் நடுவுல 4 சென்டிமீட்டருக்கும் மேல தொங்கலா வரும். அதனால வில்லு கம்பியை எப்பவும் இழுத்துப் பிடிக்கணும். மூங்கிலை வளைச்சு நாண் ஏத்தின மாதிரி கட்டலாம். மரச்சட்டத்துல ஸ்பிரிங் வெச்சும் செய்யலாம். சூடானப்புறம் கம்பியைச் சுண்டினா டங்குனு சத்தம் வரணும்.

அச்சு

ஏர்ஃபாயிலோட ஆயத்தொலைவுகள் இல்லினாய் பல்கலைக்கழகத்தோட இலவசத் தொகுப்புல கிடைக்கும், ஆயிரத்துக்கும் மேல வடிவங்கள் இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல பிரின்ட் எடுத்து, சன்மைக்கா துண்டுல ஒட்டி, அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கணும். அச்சு விளிம்புல இருக்கிற ஒவ்வொரு சொரசொரப்பும் ஒரு மீட்டர் நீளக் கோடா இறக்கையில பதியும். கம்பி மாட்டி நிக்கிற இடத்துல பள்ளம் விழும்.

அச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் வால் மாதிரி கொஞ்சம் நீட்டி விடுங்க. கம்பி ஃபோமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அச்சு மேல உக்காந்துடணும். உருகிப் போற கால், அரை மில்லிமீட்டரையும் கணக்குல எடுத்து, அச்சைச் சுத்தி அந்த அளவு பெருசா வெட்டணும். இங்கதான் அந்த 18 மில்லிமீட்டர் திரும்ப வருது. மேலயும் கீழயும் அரை அரை போனா 17தான் மிச்சம். பின்விளிம்பு அதுக்கும் மேல மோசம். கடைசி சில மில்லிமீட்டர் காகிதம் மாதிரி மெலிஞ்சு உருகியே போயிடும். அதனால பெரும்பாலானவங்க பின்விளிம்பைக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டு அங்க பால்சா மரப் பட்டையை ஒட்டிடுவாங்க.

ரெண்டு பேர், பத்து நம்பர்

இப்ப விஷயத்தோட மையத்துக்கு வருவோம். நிறைய கிளைடர் இறக்கைகள் நுனிக்குப் போகப் போகக் குறுகும். உடம்போட சேர்ற அடிப்பக்கம் 220 மில்லிமீட்டர், நுனி 140 மில்லிமீட்டர்னு வைங்க. கம்பி ஒண்ணுதான். ரெண்டு முனையும் ஒரே நேரத்துல கிளம்பி ஒரே நேரத்துல முடிக்கணும். 70 செகண்ட்னா, அடிப்பக்கம் நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல போகுது, நுனிப்பக்கம் 2 மில்லிமீட்டர்தான். கம்பி முழுக்க ஒரே சூடு. அப்ப நுனியில ஒவ்வொரு புள்ளியிலயும் கம்பி அதிக நேரம் இருக்கு, அதிகமா உருக்குது. நுனியோட தடிமனே 13 மில்லிமீட்டர்தான். அங்க 1 மில்லிமீட்டர் போனா கிட்டத்தட்ட 8 சதவீதம் போச்சு. அதனால நுனி அச்சை இன்னும் ஒரு முடி பெருசா வெட்டுவாங்க.

ரெண்டு கையும் ஒத்துப்போக ஒரு பழைய வழி இருக்கு. ரெண்டு அச்சுலயும் முன்விளிம்புல இருந்து பின்விளிம்பு வரைக்கும் பத்து சமபாகமா பிரிச்சு, 0 முதல் 10 வரை நம்பர் போடணும். பெரிய அச்சுல கோடு தள்ளித் தள்ளி இருக்கும், சின்னதுல நெருக்கமா இருக்கும். அடிப்பக்கம் நிக்கிறவர் நம்பரைச் சத்தமா சொல்லணும், நுனிப்பக்கம் நிக்கிறவர் அதே நம்பர்ல இருக்கணும். அண்ணன் தம்பி ரெண்டு பேர் வெட்டினா இப்படி இருக்கும்:

"தம்பி, ஒண்ணு… ஒண்ணரை… ரெண்டு."

"நான் ரெண்டைத் தாண்டிட்டேண்ணே."

"நிக்காத. மெதுவா வா. ரெண்டரை… இப்ப?"

"ரெண்டரைதாண்ணே."

"சரி, மூணு."

நிக்காதன்னு சொன்னதைக் கவனிச்சீங்களா? முந்திட்டோம்னு தெரிஞ்சதும் கை தானா நின்னுடும். நின்ன இடத்துல கம்பி குழி பறிக்கும். முந்தினவர் வேகத்தைக் குறைக்கணும், நிறுத்தக் கூடாது. பின்தங்கினவர் இழுக்கவும் கூடாது, இழுத்தா நடுக்கம்பி வளையும். நம்பர் சொல்றவர்தான் அவருக்காக அடுத்த நம்பரைத் தாமதமா சொல்லணும்.

இது மாடல் செய்யறவங்களோட நின்னுபோன விஷயமும் இல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1975ல பறக்கவிட்ட வேரிஈஸி, 1979ல வந்த லாங் ஈஸி, ரெண்டுமே மனுஷன் உக்காந்து ஓட்டற விமானங்கள். அதோட இறக்கைகள் சூடான கம்பியில வெட்டின பாலிஸ்டைரீன் மேல ஃபைபர் கிளாஸ் சுத்தினதுதான். வரைபடத்தை வாங்கினவங்க தங்களோட வீட்டு கராஜ்ல, இதே மாதிரி நம்பர் சொல்லிச் சொல்லித்தான் வெட்டினாங்க. ரூட்டனும் சின்ன வயசுல மாடல் விமானம் செஞ்சு வளர்ந்தவர்தான்.

தமிழ்நாட்டுலயும் இந்த ஆர்வம் புதுசில்ல. என்.சி.சி. விமானப் பிரிவுல ஏரோமாடலிங் ஒரு பயிற்சியாவே இருக்கு. நடிகர் அஜித் குமார் இந்த ஆர்வத்தோட போய் 2018ல குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகரா இருந்ததும், அந்தக் குழு ஆஸ்திரேலியாவுல நடந்த ஆளில்லா விமானப் போட்டியில ரெண்டாவது வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தனியா இருந்தா?

கூட ஆள் இல்லைன்னா என்ன பண்றது? கதவைத் திறக்கும்போது பாருங்க. கீல் பக்கம் கொஞ்சமா நகரும், கைப்பிடிப் பக்கம் நிறைய நகரும். அதே மாதிரி ஒரு முனையில சுழல்ற நீளக் கட்டையை எடுத்துக்கோங்க. சுழல்ற புள்ளியில இருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி ஒரு நூல், 14 சென்டிமீட்டர் தள்ளி ஒரு நூல் கட்டுங்க. முதல் நூல் அடிப்பக்கத்துக்கு, ரெண்டாவது நுனிக்கு. கட்டையை எடை வெச்சு மெதுவா இழுக்க விட்டா, ரெண்டு முனையும் 22க்கு 14ங்கற விகிதத்துலயே நகரும். நம்பரே சொல்ல வேண்டாம்.

கோடு எழுதறவங்களுக்கு இன்னொரு வழி, நாலு அச்சுள்ள சி.என்.சி. வெட்டி. கம்பியோட ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு ஸ்டெப்பர் மோட்டார். ஒவ்வொரு முனையும் எவ்வளவு வேகத்துல போகுதுன்னு புரோகிராமுக்குத் தெரியும்ங்கறதால, எவ்வளவு உருகும்னு கணக்குப் போட்டு பாதையைத் தானா தள்ளி வெச்சுக்கலாம். ஆனா கையால நாலு இறக்கையாவது வெட்டினவங்களுக்குத்தான் அந்தக் கணக்குல என்ன எண் போடணும்னு தெரியும்.

மிச்சத்தைத் தூக்கிப் போடாதீங்க

மேல ஒரு வெட்டு, கீழ ஒரு வெட்டு முடிஞ்சதும் மூணு துண்டு கிடைக்கும். நடுவுல இறக்கை, மேலயும் கீழயும் அதோட ஓடு. புதுசா செய்யறவங்க ஓட்டைக் குப்பையில போட்டுடுவாங்க. அந்த ஓடுதான் இறக்கைக்குத் தொட்டில். அதுக்குள்ள வெச்சுத்தான் மேல் தோலை ஒட்டி, எடை வெச்சு காய விடணும்.

ஏன்னா வெறும் தெர்மாகோல் இறக்கை வளையும், முறுக்கும். எந்த முறுக்கோட பசை காயுதோ அந்த முறுக்கு அப்படியே நிரந்தரமாயிடும். 200 மில்லிமீட்டர் அகலத்துல 1 டிகிரி முறுக்குன்னா 3.5 மில்லிமீட்டர். மேசையில 2 மில்லிமீட்டர் மேடு இருந்தாலே அரை டிகிரிக்கு மேல வந்துடும். இடது இறக்கை ஒரு பக்கமும் வலது இறக்கை இன்னொரு பக்கமும் முறுக்கியிருந்தா, கிளைடர் எப்பவும் ஒரு பக்கமா உருளப் பாக்கும். ரேடியோவுல எதிர்த்துப் பிடிச்சுட்டே இருக்கணும். அப்படிப் பிடிக்கிற ஒவ்வொரு நொடியும் உசரம் குறையும். வீட்டுல இருக்கிறதுலயே மட்டமான பரப்பு பெரும்பாலும் சமையலறை கிரானைட் மேடைதான். வீட்டுல கேட்டுட்டு எடுத்துக்கோங்க.

பசை விஷயத்துலயும் கவனம். வெள்ளை ஃபெவிகால், எபாக்ஸி ரெண்டும் பிரச்சினை இல்ல. ஃபெவிக்விக் வகை பசை, ரப்பர் சொல்யூஷன், ஸ்பிரே பெயின்ட் இதெல்லாம் தெர்மாகோலைத் தின்னுடும். ஃபைபர் பட்டறையில சாதாரணமா பயன்படுத்தற பாலியெஸ்டர் ரெசினும் அப்படித்தான், அதுல ஸ்டைரீன் இருக்கு. ஃபைபர் துணி போடறதா இருந்தா எபாக்ஸி மட்டும்தான். செலவு கம்மியா முடிக்கணும்னா பிரவுன் பேப்பரை வெள்ளைப் பசையில ஒட்டினாலே ஆச்சரியப்படற அளவுக்கு விறைப்பு வரும். நடுவுல நீளவாக்குல கார்பன் குழாயோ, நேரான மூங்கில் பத்தையோ பதிக்கணும். பறக்கும்போது இறக்கையோட மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். தனி தெர்மாகோலால அதைத் தாங்க முடியாது.

பறக்கவிடறதுக்கு முன்னாடி

2021ல வந்த ட்ரோன் விதிகள் ரேடியோ கன்ட்ரோல் மாடல்களையும் தொடுது. பொழுதுபோக்குக்காக, கண்ணுக்குத் தெரியற தூரத்துல பறக்கவிடற மாடலுக்கு டைப் சர்டிஃபிகேட் தேவையில்லைங்கற மாதிரி சில சலுகைகள் இருக்கு. ஆனா பச்சை மண்டலத்துல 400 அடிக்கு மேல போகக் கூடாது. தெர்மல் கிடைச்ச கிளைடர் 400 அடியைச் சுலபமா தாண்டிடும், அதனால இறக்கத் தெரிஞ்சிருக்கணும். உங்க இடம் எந்த மண்டலம்னு அரசோட வான்வெளி வரைபடத்துல பாத்துட்டுப் போங்க. காட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கரண்டுக் கம்பி இல்லாத பக்கமா பாத்து நில்லுங்க.

வெட்டின துகளையும் விட்டுட்டு வராதீங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தெர்மாகோல் தட்டு, கப்புக்குத் தடை இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. அது மக்காது. காத்துல பறந்து கண்மாய்க்குப் போகும், ஆடு மாடு வாயில போகும். எரிக்கவும் கூடாது. சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டு வாங்க. அடுத்த வெட்டுக்கு முன்னாடி கம்பியோட சூட்டைச் சோதிக்க அந்தத் துண்டுங்கதான் வேணும்.

முதல் தடவையே ரெண்டு மீட்டர் இறக்கைக்குப் போகாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு அச்சு, 30 சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான். வெட்டினதை நடுவுல குறுக்கே அறுத்து, அந்த முகத்துல அச்சை வெச்சுப் பாருங்க. ஓரத்துல இருக்கிற வடிவம் நடுவுலயும் இருக்கா? இருந்தா உங்க சூடும் வேகமும் சரி. நடுவுல முன்விளிம்பு மழுங்கியிருந்தா வேகம் அதிகம். மொத்தமா மெலிஞ்சிருந்தா வேகம் கம்மி, இல்லைன்னா சூடு அதிகம். அந்தத் துண்டு சரியா வந்ததுக்கு அப்புறம் ஒரு மீட்டருக்குப் போங்க.

அடுத்த எபிசோட்ல இதோட தொடர்ச்சியா, வெட்டின இறக்கைக்கு எடை மையம் எங்க வரணும், முதல் தடவை கையால வீசும்போது என்ன பாக்கணும்னு பேசுவோம். நீங்க வெட்டின துண்டோட குறுக்கு முகத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, நல்லா வந்ததும் சரி, மழுங்கினதும் சரி.